பதினாலாம் நம்பர் கோடு

ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த மெஷினை மறுநாள் காலை வரை யாரும் தொடுவதில்லை. அனுப்பர்பாளையம் போகும் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியிலும் மத்தியானமே பூஜை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு டெய்லர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மெஷின்களுக்குக் கரண்ட் போகும் மெயின் சுவிட்சை சூப்பர்வைசர் லிங்கசாமி தன் கையாலேயே இறக்கி, அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அப்படியிருக்க, சித்ராதேவியின் லேப்டாப்பில், வெறும் கட்டமாக இருக்க வேண்டிய படத்தில், ஒரே ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்து உடனே பயந்துவிடவில்லை. பயப்படுகிற நிலையில் அவள் இல்லை என்பதுதான் உண்மை. ஆடி மாதத்திலிருந்து அவளுக்கு எல்லாமே மரத்துக் கிடந்தது. சோறு தின்றால் உப்பு தெரிவதில்லை. வீட்டில் அம்மா ஏதாவது கேட்டால், கேட்டு முடித்துக் கொஞ்சம் கழித்துத்தான் அது காதில் விழும். அழுதால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், அழுகையும் வந்த பாடில்லை. ஆகவே ஓடாத மெஷினின் கோடு ஓடுவதையும் அவள் மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

லேப்டாப் மூடியின் மேல் லிங்கசாமி வைத்த சந்தனம் காய்ந்து விரலில் உதிர்ந்தது. இதையும் இன்றைக்குத் தொட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் முதலாளி மகன் தரணீதரன் இன்றைக்கே ஒரு படம் கேட்டுவிட்டான், வேலையென்று வந்துவிட்டால் சரஸ்வதியும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் வேலை இதுதான். ஹாலில் இருக்கும் ஒவ்வொரு தையல் மெஷினிலும் பேட்டரியில் ஓடும் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று ஒட்டியிருக்கிறது. மெஷின் அதிர்ந்தால் அது கணக்கு எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்தக் கணக்கைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் போட்டு, அதில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பைக் கொண்டு மெஷினுக்கு ஒரு கோடாக வரைவது சித்ராதேவி. அவள் வரைந்தது ஹாலின் முன்வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய டி.வி.யில் நாள் முழுக்க ஓடும். அதற்கு எல்லாரும் போர்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். டெய்லர் கை நின்றால் கோடு அறும், கோட்டின் முனையில் இருக்கும் அவர் பெயர் மின்னத் தொடங்கும். ஊரறிய மின்னும்.

அவள் முதலில் செய்தது யாரும் செய்வதுதான். இந்த மேட்பிளாட்லிப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பழைய படத்தை மூடு என்று சொல்லாவிட்டால் அதன் மேலேயே புதியதையும் வரைந்து வைத்துவிடும். கற்றுக்கொண்ட புதிதில் திங்கட்கிழமைக் கோட்டின் மேல் செவ்வாய்க்கிழமைக் கோடு ஏறி உட்கார்ந்து அவளைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. இதுவும் நேற்றைய எச்சமாக இருக்கும். படத்தை மூடச் சொல்லி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி ஓட்டினாள். வெள்ளைக் கட்டம் வந்தது, கீழே மணி வந்தது, பக்கத்தில் எண்கள் வந்தன.

கொஞ்சம் பொறுத்து, கோடும் வந்தது.

சிவப்புக் கோடு. அதை வைத்து மெஷினைச் சொல்ல முடியாது. நாமாக நிறம் கொடுக்காவிட்டால் அதற்குப் பத்து நிறம்தான் தெரியும், பிறகு முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். நாலாம் மெஷினும் சிவப்பு, பதினாலும் சிவப்பு, இருபத்துநாலும் சிவப்பு. எந்தக் கோடு எந்த மெஷின் என்று ஓரத்தில் எழுதச் சொல்லி ஒரு வரி தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத் தட்ட அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது. தட்டினாள். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது, அதற்குள் 14 என்று இருந்தது.

பதினாலாம் மெஷினில் இப்போது யாரும் உட்காருவதில்லை. ஹாலின் கடைசியில், பெண்கள் பாத்ரூம் சுவரை ஒட்டி இருப்பது அது. அங்கே உட்காரச் சொன்னால் பீகார்ப் பெண்கள்கூட மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வேறு மெஷினுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு எதிரே இருந்த பெயரையும் லிஸ்டிலிருந்து சித்ராதேவிதான் எடுத்தாள். மூக்கம்மாள் என்று இருந்தது.

போன் அடித்தது. தரணீதரன்.

வீட்டில் விருந்தாளிகள் போலிருக்கிறது, பின்னால் சிரிப்பும் தட்டுச் சத்தமும் கேட்டன. படம் ஆயிற்றா என்று கேட்டான். ஒரு கோடு தப்பாக வருகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். தப்பென்றால் அதை எடுத்துவிட்டால் போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்றான். கோபப்படவும் இல்லை, அவசரப்படவும் இல்லை, அவர்கள் ஊர்ப் பேச்சே அப்படி.

"நாளைக்குக் காலைல சரக்கு வாங்கற பையர் வந்தர்றாங்கங்க. ஆறு மாசப் படத்தையும் காட்டோணும். கோடு எங்கியும் நடுவுல நடுவுல அறுந்து நிக்கப்படாதுங்க, பாத்தா அழகா இருக்கோணும். நீங்கதான் அதெல்லாம் அடைக்கறதுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்கீங்கல்லங்க, அது இருக்குதுதானுங்க?"

"இருக்குங்க சார்" என்றாள் அவள்.

அது இருந்தது. பங்குனியில் எழுதியது. அதைச் செய்யச் சொன்னது தரணீதரன் இல்லை, மூக்கம்மாள்.

மூக்கம்மாள் அருப்புக்கோட்டைப் பக்கம். சித்ராதேவியின் குடும்பம் பிழைக்க வந்தபோது தன் காம்பவுண்டிலேயே வீடு பிடித்துக் கொடுத்தவள், இந்தக் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டவளும் அவளே. தமிழில் பெயர் போட்டால் படத்தில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்துகொண்டிருந்த காலத்தில், சித்ராதேவி இரண்டு நாள் முட்டி மோதி எழுத்துருவை மாற்றி, எல்லார் பெயரையும் தமிழில் கொண்டுவந்தாள். மூக்கம்மாள் போர்டுக்குக் கீழே நின்று தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, படம் எடுத்து ஊருக்கு அனுப்பச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் அந்த அம்மாவுக்கு.

அந்தப் பெயரே பிறகு வினையாயிற்று. பாத்ரூம் போனால் கோடு அறும், பெயர் மின்னும். மின்னியதும் லிங்கசாமி நேரே போய்க் கதவைத் தட்டுவார். மூன்று தட்டு. பதில் வராவிட்டால் இன்னொரு மூன்று. உள்ளே இருப்பவள் பேத்தி எடுத்தவளா, மாத நாள் வந்த பெண்ணா என்றெல்லாம் அவருக்குக் கிடையாது, போர்டு மின்னினால் அவர் போவார்.

ஒரு நாள் டீ நேரத்தில் மூக்கம்மாள் சித்ராதேவியின் அறைக் கதவில் சாய்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "ஏத்தா சித்ரா, அந்தக் கோடு அறுந்து அறுந்து காட்டுதுல்ல, அந்த ஓட்டைய மட்டும் அடச்சு விட்டுருத்தா. ஒண்ணுக்கு இருக்கக்கூட முடியல, அந்தாளு வந்து கதவத் தட்டுறான். பொம்பளைக மானம் போகுது."

அடைப்பது பெரிய வித்தை இல்லை. அறுந்த இடத்துக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி. பின்புள்ளி வரும் வரை முன்னால் இருந்த அளவிலேயே கோட்டை இழுத்துக்கொண்டு போ என்று ஒரே ஒரு வரி. கூடவே அழகுக்காக இன்னொன்றும் செய்தாள். தூசியும் நடமாட்டமும் கொடுக்கும் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் படத்தின் அடியில் கொசகொசவென்று கிடந்தது, அது தெரியாதபடி அடிப்பக்கத்தை வெட்டிவிட்டாள். கோடுகள் எல்லாம் வகிடு எடுத்த தலைபோல் சீராக ஓடின. தரணீதரன் கைதட்டினான். பெண்கள் அவளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். லிங்கசாமி கதவைத் தட்டுவது நின்றது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீ பிரேக் முடிந்து மூக்கம்மாள் பாத்ரூமுக்குப் போனாள். உள்ளே தாழ் போட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வெளியே எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் அவள் கோடும் ஓடிக்கொண்டிருந்தது. லிங்கசாமி ஒரு தடவை, இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்திருப்பார், மூக்கம்மாள் தைக்கிறாள் என்று இருந்திருப்பார். சாப்பாட்டு பெல் அடித்து, தூக்குவாளி எடுக்க ஆள் வரவில்லை என்று தேடி, கதவை உடைத்துத் தூக்கினார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

விதி என்றார்கள். ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். அடைத்து வைத்த வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை எடுக்கவும் இல்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று ஒரு கேள்வி வரும் இல்லையா? அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் விரல் நுனியில் தொடங்கிய மரமரப்பு அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வாட்ச்மேன் ராக்கையா எட்டிப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது, டீ குடித்துவிட்டு வந்து ஹாலைப் பூட்ட வேண்டும், நீ கிளம்பவில்லையா என்று கேட்டார். அஞ்சு நிமிஷத்தில் கிளம்பிவிடுவேன் என்றாள். மூக்கம்மாள் போன பிறகு தரணீதரன் அவருக்கு ஒரு சட்டம் போட்டிருந்தான். பூட்டுவதற்கு முன் போர்டைப் பார்க்க வேண்டும். எந்தப் பெயராவது மின்னினால் பாத்ரூம் வரை போய்த் தேட வேண்டும், மின்னாவிட்டால் விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். ராக்கையா அதை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை, வாங்குகிற சம்பளத்துக்கு வஞ்சகம் செய்யாத மனிதர். குடையைத் தட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்.

அவர் போனதும் கம்பெனி இன்னும் அமைதியானது. மெஷின்கள் ஓடும்போது கேட்காத சத்தமெல்லாம் மெஷின் நின்றால் கேட்கும். தகரக் கூரை மாலைக் குளிர்ச்சியில் சுருங்கி எங்கோ ஒரு முடுக்கில் டிக்கென்றது. வாழைக்கன்றின் இலை தூணில் உரசியது. அணைந்த கற்பூரமும் மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை, ஹாலிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து அவள் கண்ணாடி அறைக்குள்ளும் நிறைந்தது. அடுத்த கம்பெனியின் பூஜைக்குக் கட்டிய ஒலிபெருக்கி பாட்டு மாற்றுவதற்காகக் கரகரத்து நின்றது.

கோடு ஏன் வருகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே வழி, அடைக்கும் வரியை எடுத்துவிட்டுப் பார்ப்பது. அது அவளுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் மற்றதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வரிக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு அதை ஊமையாக்கினாள். ஓட்டினாள்.

கோடு போய்விட்டது. கட்டம் காலி. அப்பாடா என்று மூச்சு விட்டவள், எதற்கும் இருக்கட்டும் என்று வெட்டி வைத்திருந்த அடிப்பக்கத்தையும் திறந்தாள். கோடு வேண்டாம், டப்பா அனுப்பியது எதுவோ அதை மட்டும் புள்ளியாக வை என்று மாற்றினாள்.

படத்தின் அடியில், சுழியத்தை ஒட்டி, புள்ளிகள் இருந்தன.

தையல் புள்ளிகள் அல்ல. தையல் என்றால் மேலே, நெருக்கமாக, கொத்துக் கொத்தாக விழும். இவை சின்ன அதிர்வுகள். மூன்று புள்ளி, சற்று இடைவெளி. மூன்று புள்ளி, இடைவெளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது ஓரத்தில் புதிதாக ஒன்று விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் இல்லை.

எலியாக இருக்கும். சுவர்ப் பக்கம் பைப்பில் தண்ணீர் ஏறுகிறதாக இருக்கும். இப்படியே சொல்லிக்கொண்டு அவள் கை என்ன செய்கிறது என்பதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தேதியை மாற்றியது. ஆடி வெள்ளிக்கிழமை. பதினாலாம் மெஷின் மட்டும். அடைப்பு இல்லாமல், வெட்டு இல்லாமல்.

காலையில் தையல். மேலே கனமான கொத்துகள். டீ பிரேக்கில் ஒரு வெறுமை, மறுபடி தையல் கொஞ்சம். பிறகு அறுந்துபோன அந்த இடம். அவள் அடைத்து வைத்த இடம். அது காலியாக இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

காலியாக இல்லை. அடியில் மூன்று புள்ளி, இடைவெளி. மூன்று புள்ளி, இடைவெளி. முதலில் நெருக்கமாக, உயரமாக. போகப் போகத் தாழ்ந்து, இடைவெளி அகன்று, மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, சாப்பாட்டு பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் வரை.

பாத்ரூம் கதவின் நிலை பதினாலாம் மெஷின் சாய்ந்திருக்கும் அதே சுவரில்தான் இருக்கிறது. மூக்கம்மாள் உட்கார்ந்ததும் போய்விடவில்லை. உள்ளேயிருந்து தட்டியிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை, டப்பா மட்டும் கேட்டு ஒவ்வொரு தட்டையும் அனுப்பியிருக்கிறது, அது பார்க்க அழகாக இல்லை என்று சித்ராதேவி எழுதிய ஒரு வரி ஒவ்வொன்றையும் வெட்டியெறிந்துவிட்டு, மேலே சீரான கோடு போட்டிருக்கிறது.

அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பொறுக்கவில்லை.

போன் மினுங்கியது. என்னாச்சுங்க, இன்னும் அனுப்பலீங்களே என்று தரணீதரன் செய்தி அனுப்பியிருந்தான். அவள் திரையைப் பார்த்தாள். இந்தப் படத்தை அனுப்பலாம். இதைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பையர் கேட்பார், தரணீதரன் கேட்பான், மூக்கம்மாளின் மகள் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து கேட்பாள். கடைசியில் எல்லாக் கேள்வியும் ஓரிடத்தில் வந்து நிற்கும், யார் அடைத்தது?

அவள் அடைக்கும் வரியின் முன்னால் இருந்த குறியை அழித்தாள். அடிப்பக்கத்தை மறுபடி வெட்டினாள். புள்ளிகளை எடுத்துவிட்டுக் கோடாக்கினாள். நிறம் கொஞ்சம் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாற்றினாள், கோட்டைச் சற்றுக் கனமாக்கினாள், தலைப்பை நடுவில் வைத்தாள். ஆறு மாதமும் அழகாக, எங்கும் அறாமல் வந்தது. அதை அனுப்பினாள். போர்டுக்கும் இதே புரோகிராம்தான், அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். லேப்டாப்பை மூடி, போனைப் பையில் போட்டு, பையை எடுத்து மேஜை மேல் வைத்து, அறை விளக்கை அணைத்தாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

இருட்டில் அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

ஹாலின் கடைசியிலிருந்து. மெதுவாக. மரியாதையாகக்கூட. மூன்று தட்டு.

நின்றாள். கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. பிறகு மறுபடி, மூன்று.

உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கலாம். பூஜைக் கூட்டத்தில் ஏதாவது ஒரு பெண் உள்ளே போய், கதவு இறுகி, மத்தியானத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கலாம். அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அவளுக்கு அது ஒரு ஆசையாகவே வந்தது, இந்தத் தடவை போய்த் திறந்துவிட்டால் ஆயிற்று என்று. பையை மேஜை மேலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஹாலுக்குள் இறங்கினாள்.

பொட்டு வைத்த மெஷின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சாமந்திப்பூ. காலில் பொரி நொறுங்கியது. நடக்க நடக்க மெஷின் எண்ணெய் வாசனை குறைந்து பினாயில் வாசனை கூடியது. முதுகுக்குப் பின்னால் போர்டின் வெளிச்சம் அவள் நிழலை நீளமாக முன்னே போட்டது, நிழல் அவளுக்கு முன்பாகவே பதினாலாம் மெஷினைத் தொட்டது. அதன் தலையில் பூ இல்லை. பொட்டு இருந்த இடம் துடைத்திருந்தது. மெஷினைச் சுற்றிக்கொண்டு கதவடிக்குப் போனாள்.

"யாரு உள்ள?"

சத்தம் நின்றது.

அது புதுக் கதவு, பழையதை உடைத்ததால் மாட்டியது. வெளியே கொக்கி இல்லை. தள்ளினாள், சுலபமாகத் திறந்தது. உள்ளே இருட்டு, ஈரம், சொட்டும் குழாய். பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய சதுர ஓட்டை வழியாக ஹாலின் வெளிச்சம் ஒரு கைக்குட்டை அளவுக்கு விழுந்தது. யாரும் இல்லை. சுவிட்சைத் தேடி ஓரடி உள்ளே வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று. மழைக் காற்றுதான். திரும்பி இழுத்தாள். வரவில்லை. தாழ்ப்பாளைத் தடவினாள். தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. இழுத்தாள். காலை நிலையில் ஊன்றி இழுத்தாள். கதவு அசையவில்லை. மழை பலத்துவிட்டது. தகரத்தில் கொட்டும் மழையில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

போன் பையில். பை மேஜையில். அறை இருட்டு.

தட்டினாள். மூன்று. யாரும் சொல்லிக் கொடுக்காமல் கை மூன்றுதான் தட்டியது. பிறகு இன்னொரு மூன்று. தட்டிக்கொண்டே குழாய்மேல் ஒரு காலை வைத்து ஏறி, சதுர ஓட்டையில் முகத்தை வைத்தாள். ஹால் முழுக்கத் தெரிந்தது. அந்தக் கோடியில், முன்வாசலுக்கு மேலே, போர்டு.

போர்டில் பதினாலாம் கோடு ஓடிக்கொண்டிருந்தது. சீராக. கனமாக. கண்ணுக்கு இதமான நிறத்தில். முனையில் ஒரு பெயர் இருந்தது. பதினாலுக்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அதைப் படிக்க முடியவில்லை. மின்னவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

முன்வாசலில் குடை மடங்கியது. ராக்கையா.

கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். நிறுத்தியிருந்த ஒலிபெருக்கி அந்த நேரம் பார்த்து உயிர் பெற்று நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். ராக்கையா அவளுடைய இருட்டான அறையை எட்டிப் பார்த்தார், கிளம்பிவிட்டாள் என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சட்டப்படி, தவறாமல், நிமிர்ந்து போர்டைப் பார்த்தார்.

நன்றாகவே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பூஜை நாளில் ஒரு கோடு ஓடுவது ஏன் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. அவருக்குச் சொல்லியிருந்தது மின்னுகிறதா என்று பார்க்க மட்டும்தான். மின்னவில்லை.

விளக்கு அணைந்தது. ஷட்டர் இறங்கியது. பூட்டு.

சித்ராதேவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை மாதமும் வராத அழுகை. நெஞ்சு வலிக்க வந்தது. இறங்கி, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். மன்னிச்சிரு அக்கா, மன்னிச்சிரு என்றாள். கை ஓய்ந்துபோய், தட்டுவதை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

மூன்று. பிறகு மூன்று. கதவின் இந்தப் பக்கம். அவள் தோளுக்கு வெகு அருகில். வெற்றிலையும் பஞ்சுத் தூசியும் கலந்த மூச்சு காதோரம் பட்டது.

சதுர ஓட்டையின் வழியே போர்டின் வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பூட்டிய ஹாலில், பொட்டு வைத்த மெஷின்களுக்கு மேலே, அந்தக் கோடு எங்கும் அறாமல் நகர்ந்துகொண்டிருந்தது.